பயிற்சி ஒரு வாசல், வேலை ஒரு வாசல்

(கொல்கத்தாவில் தமிழ்க் கற்போர் கூட்டம் ஒன்றில் பேசியது)



நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். பேருந்தின் பலகையை வாசிக்கிறீர்கள். ரேஷன் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அடுத்த கேள்வி எல்லார் மனதிலும் இருக்கிறது. "படித்தாயிற்று. இனி ஒரு தொழிலுக்கு வழி என்ன? என் பிள்ளைக்கு வழி என்ன?" அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் என்று பெயர் வைப்போம். ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் பிட்டர் வேலை படித்தான். தேறினான். சான்றிதழோடு ஒரு தொழிற்சாலைக்குப் போனான். "அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனான். "பதிந்துவிட்டுப் போ, அழைப்பு வரும்" என்றார்கள். வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தான். அதுவும் முடிந்தது. இப்போது வீட்டில் இரண்டு சான்றிதழ் இருக்கிறது. வேலை இல்லை.

முருகன் சோம்பேறியா? இல்லை. படிப்பு மோசமா? அதுவும் இல்லை. பின் எங்கே கோளாறு?

சோறு ஒரு வீட்டில் இருக்கிறது. குழம்பு அடுத்த தெருவில் இருக்கிறது. இலை வேறு ஊரில் இருக்கிறது. பசிக்கிறவன் மூன்று இடத்துக்கும் நடக்கிறான். தொழில் கற்றுத்தருவது ஓர் அலுவலகம். தொழிற்சாலையில் பழக்குவது இன்னோர் அலுவலகம். வேலைக்குப் பெயர் பதிவது மூன்றாவது அலுவலகம். மூன்றும் அரசாங்கத்தினுடையவை. மூன்றும் நல்லெண்ணத்தோடு தொடங்கியவை. ஆனால் ஒன்றுக்கு ஒன்று பேசிக்கொள்வது குறைவு.

இது இன்று வந்த வியாதி அல்ல. இதே ஊரில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்த கதை ஒன்று உண்டு. கேளுங்கள்.

1905-இல் வெள்ளைக்கார அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. மக்கள் கொதித்தார்கள். வெளிநாட்டுத் துணியை எரித்தார்கள். "அவர்கள் பள்ளிக்கூடமும் வேண்டாம், நமக்கு நாமே கல்வி தருவோம்" என்றார்கள். சுபோத் சந்திர மல்லிக் என்ற செல்வர் அதற்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! இங்கே வரை ஒரே மனதாக இருந்தார்கள். எந்தக் கல்வி என்ற கேள்வி வந்ததும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

ஒரு சாரார், "இலக்கியம், விஞ்ஞானம், தொழில் எல்லாம் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்" என்றார்கள். தாரகநாத் பாலித் என்ற வழக்கறிஞரின் பக்கத்தார், "முதலில் தொழில் கல்வி வேண்டும். கைத்தொழில் வளராமல் சுதேசி எப்படி வரும்?" என்றார்கள். 1906-இல் இரண்டு பள்ளிகள் எழுந்தன. ஜூலையில் பாலித் பக்கத்தார் வங்காளத் தொழில்நுட்பப் பள்ளியைத் திறந்தார்கள். ஆகஸ்டில் மற்றவர்கள் வங்காள தேசியக் கல்லூரியைத் திறந்தார்கள். அதன் முதல் தலைவர் அரவிந்தர். ஆமாம், பின்னாளில் நம் புதுச்சேரிக்கு வந்து தங்கினாரே, அதே அரவிந்தர்தான்.

ஒரே ஊர். ஒரே நோக்கம். இரண்டு கட்டடம், இரண்டு குழு, இரண்டு வசூல். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. 1910-இல் இரண்டு குழுக்களும் ஒன்றாயின. பிறகு பொதுக் கல்லூரி தேய்ந்தது. தொழில் பிரிவு நிலைத்தது, வளர்ந்தது, ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. 1955-இல் அது ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆனது. நீங்கள் 8-பி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது எதிரே தெரிகிறதே, அந்த இடம்தான். அன்று அவர்கள் ஒன்று சேராமல் இருந்திருந்தால், தொழில் பிரிவும் பிழைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

சரி, சுதந்திர இந்தியாவுக்கு வருவோம்.

1945-இல் உலக யுத்தம் முடிந்தது. பட்டாளத்தில் இருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேட ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அப்படித்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பிறந்தன. 1950-இல் ஐ.டி.ஐ. திட்டம் வந்தது. 1961-இல் பழகுநர் சட்டம் வந்தது. பழகுநர் என்றால் அப்ரண்டிஸ். தொழிற்சாலைக்குள்ளேயே இருந்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டு, தொழில் பழகுகிறவர்.

மத்திய அரசில் இந்த மூன்றுக்கும் வெகு காலம் ஒரே தலைமை இருந்தது. அந்த இயக்ககத்தின் பெயரே 'வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சி' என்றுதான் இருந்தது. தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. 2014-இல் திறன் மேம்பாட்டுக்கு என்று தனி அமைச்சகம் வந்தது. 2015-இல் பயிற்சி அந்தப் புதிய அமைச்சகத்துக்குப் போயிற்று. வேலைவாய்ப்பு பழைய அமைச்சகத்திலேயே நின்றது. பயிற்சிக்குத் தனி கவனம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் பயிற்சியும் வேலையும் வேறு வேறு வீட்டுக்குப் போய்விட்டன.

நம் மாநிலத்திலும் அதே நிலைதான். வேலை தேடுவோரைப் பதிவு செய்ய 2012-இல் எம்ப்ளாய்மென்ட் பேங்க் வந்தது. அது தொழிலாளர் துறை. குறுகிய காலப் பயிற்சிக்கு 2016-இல் உத்கர்ஷ் பங்களா வந்தது. அது தொழில்நுட்பக் கல்வித் துறை.

பழகுநர் பயிற்சியிலும் இரண்டு கிளை இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும், பள்ளிப் படிப்போடு நேரே வருபவர்களுக்கும் ஒரு கிளை. டிப்ளமா, பட்டம் முடித்தவர்களுக்கு இன்னொரு கிளை. இந்த இரண்டாவது கிளையைப் பார்க்கும் கிழக்கு மண்டல வாரியம் சால்ட் லேக்கில் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கு உரிய வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அது கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தது. முதல் கிளையோ திறன் அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஐ.டி.ஐ. பையன் தவறிப் போய் வாரியத்தின் படியேறினால், "இது உன் இடம் இல்லை தம்பி" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அவன் ஒரு நாள் கூலி போச்சு.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று இந்தியா முழுவதும் ஐ.டி.ஐ.க்களில் நடத்தும் பாடத்திட்டத்தை வகுக்கும் மத்திய நிறுவனம் இதே கொல்கத்தாவில்தான் இருக்கிறது. 1968-இல் தொடங்கியது. திருநெல்வேலியில் ஒரு பெண் வெல்டிங் படிக்கிறாள் என்றால், அவள் பாடத்திட்டம் இந்த ஊரில் உருவானது. நமக்குப் பக்கத்தில் இருப்பது நமக்கே தெரிவதில்லை.

இப்போது ஒரு வழக்கைச் சொல்கிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் இருக்கிறது. அங்கே பல இளைஞர்கள் பழகுநராகப் பயிற்சி முடித்தார்கள். பேருந்து எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியும். ஆனால் வேலை தரவில்லை. "பயிற்சி தருவதுதான் எங்கள் கடமை. வேலை தருவதாக நாங்கள் சொல்லவில்லை" என்றது கழகம். சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. பழகுநருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 ஜனவரி 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு என்ன சொன்னது? வேலை கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு வழிகளைக் காட்டியது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், வெளியில் இருந்து வருபவரை விடப் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும். அவர் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாகத்தான் வர வேண்டும் என்று கேட்கக் கூடாது. வயது தாண்டிவிட்டது என்றால், விதியில் உள்ளபடி தளர்த்த வேண்டும். விதி ஒன்றும் சொல்லாவிட்டால், பயிற்சியில் இருந்த காலத்தின் அளவுக்குத் தளர்த்த வேண்டும். பயிற்சி தந்த நிறுவனம் யார் யார் எந்த வருடம் முடித்தார்கள் என்று பட்டியல் வைக்க வேண்டும். முன்னால் முடித்தவர் மூத்தவர்.

பாருங்கள். அலுவலகங்கள் தாமாகப் போடாத பாலத்தை நீதிமன்றம் போட்டது. பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பட்டியல். அவ்வளவுதான். ஒரு நோட்டுப் புத்தகம் ஒழுங்காக இருந்தால் எத்தனை பேருக்கு வழி பிறக்கிறது!

2014-இல் பழகுநர் சட்டத்தைத் திருத்தினார்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். ஆகவே பழகுநராகச் சேரும் முன்பே கேட்கலாம்: "ஐயா, பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி உங்கள் கொள்கை என்ன?" இது பிச்சை அல்ல. சட்டத்தில் உள்ள விஷயம்.

ரயில்வே இதில் ஒரு நல்ல உதாரணம். லெவல் 1 என்று சொல்லும் அடிப்படை வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது, 100 இடத்தில் 20 இடத்தை ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனாலும் தனி வரிசை. கிழக்கு ரயில்வேக்குக் காஞ்சராபாராவிலும் லிலுவாவிலும் பெரிய பணிமனைகள் உள்ளன. அங்கே பழகுநர்களை எடுக்கிறார்கள். 10-ஆம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். இங்கே பள்ளிக்கூடமும் பட்டறையும் ஒரே தாளில் வந்துவிடுகிறது. "ஐ.டி.ஐ.யில் சேரப் போகிறேன், பத்தாவதில் பாஸ் ஆனால் போதும்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஐ.டி.ஐ. முடித்தவரையும் பழகுநராக எடுக்கிறார்கள். 10-ஆம் வகுப்பு முடித்து நேரே வருபவரையும் எடுக்கிறார்கள். நேரே வருபவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு வேலைத்தளத்தில் பழக்கம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அந்த அடிப்படைப் பயிற்சி மீண்டும் வேண்டியதில்லை. ஒரு முறை படித்ததை மறுமுறை படிக்கச் சொல்லாமல் கணக்கில் எடுத்துக்கொள்வது பெரிய விஷயம்.

உதவித்தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். 2019-இல் வந்த விதிப்படி, 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்த பழகுநருக்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 10-ஆம் வகுப்புக்கு 6,000. ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு 7,000. இதைக் கூட்ட வேண்டும் என்று மத்தியப் பழகுநர் குழு 2025-இல் பரிந்துரைத்தது. ஆகவே சேருகிற நாளில் என்ன அளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே விதி. பழகுநர் தொழிலாளி அல்ல, பயிலுபவர். ஆனால் வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், "நாளை முதல் வா, பழகு" என்று சொன்னால் அது பழகுநர் பயிற்சி அல்ல. சும்மா வேலை வாங்குவது.

முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள்: "ஐயா, இதெல்லாம் பிள்ளைகளுக்கு. நான் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றேன். எனக்கு என்ன வழி?"

நல்ல கேள்வி. உங்களுக்காகவே ஓர் அமைப்பு இருக்கிறது. 1967-இல் பம்பாயில் 'ஷ்ரமிக் வித்யாபீடம்' என்று ஒன்று தொடங்கினார்கள். தொழிலாளர் கல்விக் கூடம் என்று பொருள். 2000-இல் அதன் பெயர் 'ஜன சிக்ஷண சன்ஸ்தான்' ஆனது. இங்கேயும் உண்டு. பள்ளி வாசலை மிதிக்காதவர், புதிதாக எழுத்தறிந்தவர், 8-ஆம் வகுப்பு வரை படித்தவர், 12-ஆம் வகுப்புக்குள் இடையில் நின்றவர் எல்லாரும் சேரலாம். 15 வயது முதல் 45 வயது வரை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பு இது கல்வி அமைச்சகத்தில் இருந்தது. 2018-இல் திறன் அமைச்சகத்துக்குப் போயிற்று.

தையல், அழகுக்கலை, உணவுப் பதம் என்று பல தொழில் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் இருந்து சம்பாதிக்க இது நல்ல உதவி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழும் ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒன்றல்ல. இதைக் கொண்டு ரயில்வே பழகுநராகச் சேர முடியாது. சிலர் இதை விளக்காமல் ஆள் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ஏமாற்றம் வருகிறது.

மேலே ஏற வேண்டும் என்றால் படிப்பையும் கூடவே தொடர வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வயது வந்தோருக்கு மூன்று படி இருக்கிறது. முதல் படி 3-ஆம் வகுப்புக்குச் சமம். இரண்டாவது 5-க்குச் சமம். மூன்றாவது 8-க்குச் சமம். 8 வந்துவிட்டால் வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. தொழில்களுக்குக் கதவு திறக்கிறது. 8-ஆம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர், அதே திறந்தநிலைப் பள்ளியில் மொழிப்பாடம் போன்ற சில தாள்களை மட்டும் எழுதி 10-க்குச் சமமான சான்றிதழ் பெறலாம். 2016-இல் இதற்கு ஒப்பந்தம் ஆனது. இது மெதுவான ஏணி. ஆனால் நடுவில் படி உடையாத ஏணி.

தொழில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் கதை வேறு. ஹவுராவில் பெலிலியஸ் சாலைக்குப் போய்ப் பாருங்கள். சின்னச் சின்ன லேத் பட்டறைகள். பதினைந்து வயதில் எடுபிடியாக நுழைந்தவர், நாற்பது வயதில் கண்ணாலேயே அளவு சொல்வார். மெட்டியாபுரூசில் தையல் ஒஸ்தாகர்கள் இருக்கிறார்கள். துணியைத் தொட்டதும் எத்தனை உருப்படி வெட்டலாம் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் தராத படிப்பு அது. ஆனால் கையில் தாள் இல்லை. வேறு ஊருக்குப் போனால் மறுபடியும் எடுபிடிதான். இவர்களைச் சோதித்து, தெரிந்த தொழிலுக்குச் சான்று தரும் முறை 2015-இல் தொடங்கிய மத்தியப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நல்ல எண்ணம். ஆனால் தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது. பட்டறை முதலாளி அந்தத் தாளைப் பார்த்துக் கூலியைக் கூட்ட வேண்டும். அதற்கு அவரையும் கேட்டுத் திட்டம் போட வேண்டும் என்பது என் கருத்து.

பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார்: "என் மகன் இந்த வருடம்தான் பிட்டர் முடித்தான். நாளைக் காலை எங்கே போக வேண்டும்?"

அண்ணா, முதலில் அவன் படித்த ஐ.டி.ஐ.க்கே போகச் சொல்லுங்கள். அங்கே வேலை தேடித் தரும் பொறுப்பில் ஓர் ஆசிரியர் இருப்பார். எந்தத் தொழிற்சாலை பழகுநர் கேட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்து, பழகுநர்களுக்கென்று அரசாங்கத்தின் இணையதளம் இருக்கிறது. பெயர் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா. அதில் பெயர் பதிய வேண்டும். பதிவு இலவசம். பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். எம்ப்ளாய்மென்ட் பேங்கிலும் பதியட்டும். நேஷனல் கேரியர் சர்வீஸ் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் பதிவு ஒன்றும் உண்டு. அதிலும் பதியட்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாக ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம்.

பெயரில் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 'முருகன்' என்றும், ஆதாரில் 'எம். முருகன்' என்றும், ஐ.டி.ஐ. தாளில் இன்னொரு மாதிரியும் இருந்தால் எல்லா இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். தமிழ்ப் பெயரை இந்த ஊரில் எழுதும்போது எழுத்து மாறிப்போவது சகஜம். விண்ணப்பம் போடும் முன்பே திருத்திவிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். நீங்களே வாசித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே.

பழகுநர் பயிற்சி முடிந்ததும் தேர்வு உண்டு. அதை எழுதினால்தான் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். "வருடம் முடிந்தது, உதவித்தொகை நின்றது" என்று தேர்வு எழுதாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள் சிலர். ரயில்வேயின் 20 இடத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.

இதோ, வெளியே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை இருந்தால், என்ன தொழில், எந்த வருடம், இப்போது என்ன செய்கிறான் என்று எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்வோம். யார் எங்கே போக வேண்டும் என்று பார்த்துச் சொல்வோம். சான்றிதழ்களின் நகல் ஒன்று கொண்டுவாருங்கள். அசலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.